குதிகால் விழுகிற சத்தம்

எங்கள் சந்தில் குதிகால் சத்தம் கேட்கக்கூடாது. அது நான் போட்ட சட்டம் இல்லை, ஆனால் தாளில் எழுதி என் வீட்டு மாடிப்படிச் சுவரில் ஒட்டியவள் நான்தான். பள்ளிக்கூடத்தின் பின் மதிலை ஒட்டி நிற்கிற நாலு மாடி வீடு என்னுடையது. பதினாறு அறை. ஒவ்வொரு அறையிலும் ஒரு அம்மா, ஒரு பிள்ளை. ஜூன் மாதம் கல்லூரிக்காக எழுதுகிற பெரிய பரீட்சை முடியும்வரை பிள்ளைக்குச் சமைத்துப் போடவும் துணி துவைக்கவும், விளக்கடியில் கூட உட்கார்ந்து கொட்டாவியை அடக்கவும் ஊரையும் புருஷனையும் விட்டுவிட்டு எங்கள் யுன்தாங் ஊரில் வந்து தங்குகிறவர்கள். வரும்போதே துணி அடிவைத்த செருப்பு வாங்கிக்கொண்டு வருவார்கள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறை மாட்டுவார்கள். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்முவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில், ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்து பத்துக்கு மூன்றாம் மாடியில் தொம் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி தொம். நான் கஞ்சிப் பானையைக் கிளறிக்கொண்டே எண்ணினேன். ஏழு.

கரண்டியைக் கீழே வைப்பதற்குள் இரண்டாம் மாடி தெங் என் வாசலில் வந்து நின்றாள். வாயில் பல் துலக்கும் பிரஷ், முகவாயில் நுரை.

"ஃபாங் அக்கா, மேல யானை எதும் குடிவந்திருக்கா?"

"யானைக்கெல்லாம் நான் வாடகைக்கு விடறதில்ல. வாயத் தொடச்சுட்டுப் பேசு."

"சிரிக்காதீங்க. எம் பொண்ணு ருய்லின் ரெண்டு மணிக்குத்தான் கண்ண மூடினா. அவ தலைக்கு நேரா இடிக்கறாங்க. போன வருஷம் தவறவிட்டுட்டு ரெண்டாந்தடவ எழுதறவ அவ. நீங்க போய்க் கேக்கறீங்களா, நான் போகட்டுமா?"

தெங் போனால் கைகலப்பில்தான் முடியும். நானே படியேறினேன்.

கதவைத் திறந்தவள் பெய்யிங். நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டாள். அவள் பிறவியே அப்படி. இந்த அம்மாக்கள் வேலை செய்கிற தையல் கூடத்தில் நூல் அறுந்தால் மிஷினிடம்கூட மன்னிப்புக் கேட்பவள். அவளுக்குப் பின்னால், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த கையகல இடத்தில், வெறுங்காலுடன் அவள் மகள் சூயான் நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் தொப்புளுக்குக் கீழே. கண் மூடியிருந்தது.

அந்தப் பெண்ணை நான் நேருக்கு நேர் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இங்கே வந்தபோது கொழுகொழு கன்னத்தோடு, என் பூனையைத் துரத்திக்கொண்டு படியில் ஓடியவள். இப்போது கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடது புருவத்தில் பாதி இல்லை. அவளே பிடுங்கிக்கொண்டது.

"பெரியம்மா, சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சாவா? தெங் பல் வெளக்கறதப் பாதியில விட்டுட்டு வந்து நிக்கறா. என்னடி பண்ற?"

"எட்டுப் பட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டுப் பட்டு என்ன என்பது எங்களில் யாருக்குத் தெரியாது! ஆற்றங்கரைப் பூங்காவில் ஓய்வுபெற்றவர்கள் பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கை கால் அசைப்பது. வானத்தை இரண்டு கையால் தாங்குவது, வில்லை வளைப்பது, திரும்பிப் பார்ப்பது என்று எட்டு அசைவு. இடுப்பு வலிக்காக நானும் ஒரு குளிர்காலம் போய்ப் பார்த்து, அரட்டைக்குத்தான் லாயக்கு என்று விட்டுவிட்டேன்.

"அதெல்லாம் அறுபது வயசு ஆளுங்க பண்றதாச்சே?"

"அவங்க ராத்திரி தூங்கறாங்கல்ல? எனக்கும் தூங்கணும், பெரியம்மா."

பெய்யிங் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். போன வருஷம் சூயானுக்கு ஒன்பது மதிப்பெண் குறைந்துபோயிற்று. இந்த வருஷம் மறுபடி எழுதுகிறாள். ஜனவரியில் நடந்த மாதிரித் தேர்வில் கணக்குத் தாளின் நடுவில் அவள் கை நின்றுவிட்டது. பேனா இருக்கிறது, விரல் இருக்கிறது, ஓடவில்லை. அதன் பிறகு தூக்கம் போயிற்று. சோறு தொண்டையில் இறங்கவில்லை. வகுப்பறையில் திடீர் திடீரென்று காற்றே இல்லாததுபோல வாயைத் திறந்து மூடுவாளாம். மாணவர்களின் மனநலத்தைக் கவனிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு ஒன்று வந்து, பள்ளியில் மியாவ் என்கிற உடற்பயிற்சி டீச்சர் பத்து மணி இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் நிறுத்தி எட்டுப் பட்டு செய்யவைத்தாள். பன்னிரண்டு நிமிஷம். ஒவ்வொரு அசைவையும் மூச்சோடு சேர்த்து, உள்ளங்கால் தரையில் இருப்பதைக் கவனித்துச் செய்ய வேண்டும். மற்ற பிள்ளைகள் கேலி செய்துகொண்டும் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டும் கையை ஆட்டினார்கள். சூயான் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில்தான் தனக்கு மூச்சு முழுசாக வருகிறது என்றாள். மார்ச்சில் ராத்திரிக்கு நாலு மணி நேரம் தூங்கினாள்.

அதே மார்ச்சில் பள்ளியின் சராசரி இரண்டு மதிப்பெண் இறங்கியது. யாரோ ஒரு மேதாவி அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தின்மேல் பழியைப் போட்டான். எட்டுப் பட்டு நின்றது. இடைவேளையில் பிள்ளைகள் மைதானத்தில் நின்றபடி ஆங்கிலச் சொற்களைக் கத்த ஆரம்பித்தார்கள்.

சூயான் கத்தவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய்த் தனியாகச் செய்தாள். வகுப்பு ஆசிரியர் கோங் பிடித்துவிட்டார். மூன்று பக்கம் தப்பை ஒப்புக்கொண்டு எழுதித் தரச் சொன்னார். அவள் எழுதியது மூன்று வரி. 'பத்து நான்குக்கு இரண்டு கையையும் மேலே தூக்கினேன். பத்து பதினாறுக்கு மூச்சு வந்தது. இதில் எது தப்பு என்று சார் சொன்னால் அதை மூன்று பக்கம் எழுதுகிறேன்.'

அந்தத் தாளைப் பெய்யிங் மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். அதை எடுத்து என்னிடம் நீட்டினாள். எனக்கு அந்தப் பெண்ணை அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் வீட்டுக்காரி, பதினாறு அறைக்குப் பதில் சொல்ல வேண்டியவள், அதனால் முறைத்தேன்.

"இனிமே பள்ளிக்கூடத்துல பண்ணினா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிட்டார், அக்கா," என்றாள் பெய்யிங். "அதான் இங்க பண்றா. பண்ணட்டும், வேணாங்கல. அந்தக் கடைசி ஒண்ணுதான்..."

"கடைசில என்ன?"

"நீங்களே கேளுங்க."

கைபேசியைத் தட்டினாள். மெல்லிய குழலோசைக்கு மேல் ஒரு ஆணின் குரல், கடைசி அசைவுக்கான கட்டளையைச் சொன்னது. குதிகாலைத் தூக்கச் சொல்லி, "எழு." பிறகு, குதிகாலைத் தரையில் போடச் சொல்லி, "விழு."

எனக்கே சுருக்கென்றது. எங்கள் பேச்சில் கீழே விழுவதற்கும் பரீட்சையில் தேறாமல் பட்டியலைவிட்டுப் போவதற்கும் ஒரே சொல்தான். எங்கள் சந்தில் அதை யாரும் உச்சரிப்பதில்லை. மழை விழாது, மழை வரும். சாப்பிடுகிற குச்சி கைதவறினால், குச்சி தரையைப் பார்க்கப் போயிருக்கிறது என்போம். போன வருஷம் நாலாம் மாடிக்காரி படியில் உருண்டு முழங்காலைப் பெயர்த்துக்கொண்டபோதுகூட, "ஃபாங் அக்கா, நான் சீக்கிரமா எறங்கிட்டேன்" என்றுதான் கத்தினாள்.

"தெனமும் விடியறப்ப எம் பொண்ணு தலைமேல ஏழு தடவ அந்த வார்த்தையச் சொல்றான் அந்த ஆளு. பெத்தவ நான் கேட்டுட்டு நிக்கணுமா?" என்றாள் பெய்யிங்.

"குதிகாலத் தூக்கி, மெதுவா வச்சுட்டுப் போயேன்டி. தெங் வாயும் அடங்கும், அம்மா மனசும் ஆறும்," என்றேன் நான்.

சூயான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏத்தி ஏத்தி வச்சுட்டு எறக்காம விட்டா எப்படி, பெரியம்மா? அந்த ஏழாவதுலதான் எல்லாம் காலு வழியா எறங்கும். மெதுவா வச்சா எறங்காது."

"பாட்டப் போடாம, சத்தமில்லாமப் பண்ணு. அவ்வளவுதான்," என்று முடித்துவிட்டு நான் இறங்கி வந்தேன். பெரிய நியாயவாதி நான். பிறகு இதை நினைத்து வெட்கப்பட்டேன்.

அடுத்த ஐந்து நாள் மூன்றாம் மாடி ஊமையாக இருந்தது.

எங்கள் தையல் கூடம் சந்து முனையில், முன்பு தானியக் கிடங்காக இருந்த கட்டடத்தில் நடக்கிறது. நாற்பது மிஷின். தைப்பவர்கள் எல்லாரும் அம்மாக்கள். மூன்று வேளையும் பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நேரம் போக மிச்ச நேரம்தான் வேலை. அந்த மே மாதம் குளிர்கால மேல்சட்டைகளுக்குக் கைப்பட்டி தைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மூடுபனியும் தூறலும், சுவரெல்லாம் வியர்த்து ஒழுகியது. உள்ளே, சட்டைக்குள் அடைக்கிற வாத்து இறகு பறந்து மூக்கில் ஏறியது. நான் காலையில் அங்கே போய் நூல் பிசிறு வெட்டுவேன். கை வேலை செய்யும், காது வேறு வேலை பார்க்கும்.

ஆறாம் நாள் காலை. பெய்யிங் வலது தோளை உயர்த்த முடியாமல் கோணிக்கொண்டு தைத்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்ன?" என்றேன்.

"நேத்துத் தேர்வுல நாப்பது நிமிஷம் பேனாவ வெறுமனே பிடிச்சுட்டு ஒக்காந்திருக்கா. கோங் சார் போன் பண்ணினார். இன்னிக்கு மதியம் கேட்டுல ஒரு தாள் தருவாராம். கையெழுத்துப் போடணுமாம்."

மிஷின்கள் சில நின்றன. அந்தத் தாளை அங்கே எல்லாருக்கும் தெரியும். 'உடல்நிலை காரணமாக, சொந்த விருப்பத்தின் பேரில், பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்.' கையெழுத்துப் போட்டால் பிள்ளையின் பெயர் வகுப்புப் பட்டியலிலிருந்து போய்விடும். வகுப்பின் சராசரி ஏறும். பிள்ளை வீட்டில் படித்துக்கொண்டு ஜூன் ஏழாம் தேதி பரீட்சைக்கு வரலாம் என்பார்கள். அப்படிப் போன ஒரு பிள்ளையும் பரீட்சைக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"போட்டுடப் போறியா?"

"போடலன்னா பள்ளிக்கூடத்தப் பகைச்சுக்கணும். என்னால முடியுமா அக்கா? எனக்குப் பேசவே வராது."

அப்போது எதிர் வரிசையிலிருந்து தெங் எழுந்து வந்தாள். தலைமுடியெல்லாம் இறகு.

"ஏம்மா, உன்ன ஒண்ணு கேக்கணும். ஏன் அந்தச் சத்தம் நின்னுபோச்சு?"

பெய்யிங் வழக்கம்போல மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். "இனிமே வராது அக்கா, நான் கண்டிச்சு..."

"யாரு கண்டிக்கச் சொன்னா?"

"நீதானே, பிரஷ்ஷும் நுரையுமா வந்து நின்ன!" என்றேன் நான்.

"சொன்னேன். அப்ப தெரியாது. இப்ப தெரிஞ்சுது." தெங் குரலைத் தாழ்த்தினாள், ஆனால் தெங்கின் தாழ்ந்த குரல் நாற்பது மிஷினைத் தாண்டும். "மூணு நாளா ருய்லின் எங்கிட்டப் பேசல. நேத்துப் பிடிச்சு உலுக்கினேன். அழுதா. விடிய விடிய முழிச்சுட்டு அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருப்பாளாம். பல நாளாவே. நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். மத்த நாளெல்லாம் அசந்து தூங்கியிருக்கேன். மேல அது கேக்கறப்ப இவளும் கீழ கட்டில்ல ஒக்காந்து குதிகாலத் தூக்கித் தூக்கிப் போடுவாளாம். அப்புறம் ஒரு மணி நேரம் தூங்குவாளாம். அந்த ஒரு மணி நேரத்துல எம் பொண்ணு உசிரு ஓடிட்டு இருந்திருக்கு. அத நான் போய்க் கத்தி நிறுத்தியிருக்கேன். நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கற!"

தெங் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மூக்கை அந்தக் கைப்பட்டித் துணியிலேயே துடைத்துவிட்டாள். மேற்பார்வைக்காரன் பார்த்தும் பார்க்காததுபோல நகர்ந்துபோனான்.

பெய்யிங் வலித்த தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அக்கா, அந்த மொத அசைவு, வானத்தத் தூக்கறது, அது தோள்வலிக்கு நல்லதுன்னு அவ சொன்னா. நெசமா?"

"பண்ணிப் பாத்தாத்தானே தெரியும்," என்றேன் நான்.

பதினொன்றரைக்கு எல்லாரும் சமைக்க ஓடினோம். அன்று பெய்யிங் மூங்கில் குருத்தும் உப்பு வாத்தும் போட்டுக் குழம்பு வைத்தாள், முட்டையைக் கலக்கி ஆவியில் வேகவைத்தாள். தொண்டையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமே. நானும் கூடவே போனேன். எனக்கு அங்கே பிள்ளை கிடையாது, சாப்பாடும் கிடையாது, கோபம் மட்டும் இருந்தது.

பன்னிரண்டுக்குக் கேட் திறந்தது. முந்நூறு, நானூறு அம்மாக்கள் நடைபாதையில் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் வந்து குந்தி உட்கார்ந்து விழுங்குவார்கள். அரை மணி நேரம். பேச்சே இருக்காது, மெல்லுகிற சத்தம் மட்டும். சில அம்மாக்கள் பிள்ளை மெல்லும்போதே எதிரே புத்தகத்தை விரித்துப் பிடிப்பார்கள். தூறல் நின்று தரை ஈரமாக இருந்தது.

சூயான் இரண்டு கரண்டி முட்டையை உள்ளே தள்ளினாள். மூன்றாவது இறங்கவில்லை. அதற்குள் கோங் சார் வந்துவிட்டார். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம். கையில் தாள், சட்டைப் பையில் பேனா.

"சூயான் அம்மா, இத நல்ல மனசோடதான் சொல்றேன். பொண்ணு ஒடம்புதான் முக்கியம். வீட்டுக்குப் போய் நிம்மதியா இருக்கட்டும். இங்க ஒரு கையெழுத்து."

பெய்யிங் கையைத் துணியில் துடைத்தாள். பேனாவை வாங்கிவிட்டாள்.

"அம்மா, எனக்குப் போக வேண்டாம்," என்றாள் சூயான்.

"உன்ன யாரும் வெரட்டல," என்றார் கோங் சார். "சொந்த விருப்பம்னுதானே எழுதியிருக்கு."

"யாரோட விருப்பம், சார்?"

சூயான் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். கேட்டின் தரைக்கோட்டைப் பார்த்து, தன் காலைப் பார்த்து, பின்னால் இரண்டடி நகர்ந்தாள். "இந்தக் கோட்டுக்கு வெளிய பள்ளிக்கூடம் இல்லல்ல, சார்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கையையும் கோத்து மேலே தூக்கினாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு மெல்லுகிற சத்தம் நின்றது.

அவசரப்படவில்லை அவள். வானத்தைத் தாங்கினாள். இடமும் வலமும் வில்லை வளைத்தாள். கீழே வரைக்கும் குனிந்து காலைத் தொட்டாள். மூச்சு அசைவோடு போயிற்று, அது எனக்கே தெரிந்தது. ஏழாவது அசைவு முஷ்டியைப் பிடித்துக் கண்ணை உருட்டி முறைப்பது. பூங்காவில் கிழவர்கள் அதை மரத்தைப் பார்த்துச் செய்வார்கள். சூயானுக்கு நேர் எதிரே கோங் சார் நின்றிருந்தார். பாதிப் புருவத்தோடு அந்தப் பெண் முறைத்த முறைப்பில் மனுஷர் ஒரு அடி பின்னால் போனார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"பாருங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க. நிறுத்தச் சொல்லுங்க," என்றார் கோங் சார் பெய்யிங்கிடம்.

பெய்யிங் மகளைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தாளையும் பேனாவையும் குழம்புப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்தாள். மகளுக்குப் பக்கத்தில் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, துணிச் செருப்பைக் கழற்றி உதறினாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றாள்.

"எழு," என்றாள்.

இரண்டு பேரும் குதிகாலைத் தூக்கினார்கள்.

அந்த நடைபாதையில் நானூறு அம்மாக்கள். பரீட்சைக்கு முப்பது நாள்தான் இருந்தது. அத்தனை பேர் காதுக்கும் நேராக பெய்யிங் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"விழு."

தொம்.

ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி தரையில் துப்பி, சகுனத்தைக் கழித்தாள். "வாயக் கழுவுடி!" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

"எழு," என்றாள் பெய்யிங், இன்னும் கொஞ்சம் சத்தமாக. "விழு."

மூன்றாவதற்கு ருய்லின் சோற்றுக் கிண்ணத்தை அம்மா கையில் திணித்துவிட்டு எழுந்து வந்தாள். நாலாவதற்கு எனக்குப் பெயர் தெரியாத இரண்டு பெண்கள், ஒரு கண்ணாடிப் பையன். தெங் கிண்ணத்தோடேயே குதித்தாள், சோறு சிதறியது. ஐந்தாவதற்கு நானும் போய் நின்றேன். பதினோரு வருஷமாக அடுத்தவர் குதிகாலைக் காவல் காத்தவள் நான். என் எடைக்கு அந்த நடைபாதைக் கல்லே அதிர்ந்திருக்க வேண்டும். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை ஒரு அதிர்ச்சி ஏறி, பிறகு எல்லாமே கீழே இறங்கியது. அந்தப் பெண் சொன்னது சரிதான்.

ஏழாவதற்கு எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. வாட்ச்மேன் பதறிப்போய் மணியை அடித்துவிட்டான், இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே.

கோங் சார் தாளை எடுக்கப் போனார். குழம்பு ஆவியில் அது தொய்ந்து மூடியோடு ஒட்டியிருந்தது.

"நாளைக்கு வேற தாள் கொண்டுவரேன்," என்றார். குரலில் பலம் இல்லை.

"கொண்டுவாங்க சார், மூடி வைக்க ஆகும்," என்றாள் தெங்.

பெய்யிங் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "சார்," என்றாள். நான் அவளிடம் கேட்ட மிக நீளமான பேச்சு இதுதான். "எம் பொண்ணு பரீட்சை எழுதுவா. இந்தக் கேட்டு வழியாத்தான் போய் எழுதுவா. விழுந்தா எனக்குத்தான் மகளா விழறா, உங்க சராசரிக்கு இல்ல. தெனமும் ஏழு தடவ விழறவ அவ. உங்களுக்குத்தான் பழக்கமில்ல."

சூயான் குந்தி உட்கார்ந்து மிச்ச முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

வேறு தாள் வரவில்லை. அவள் அந்தக் கேட் வழியாகவே போய்ப் பரீட்சை எழுதினாள். எத்தனை மதிப்பெண் என்று இன்னமும் சந்தில் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். அவளிடம் கேள் என்று சொல்லிவிடுகிறேன். புருவம் முழுசாக வளர்ந்துவிட்டது, அதை மட்டும் நான் சொல்வேன்.

அன்று சாயங்காலமே மாடிப்படிச் சுவருக்குப் போனேன். நாலாவது சட்டம், 'குதிகால் சத்தம் கூடாது.' கிழிக்க மனம் வரவில்லை, என் கையெழுத்து அழகாக இருக்கும். பேனாவை எடுத்து அதன் கீழே சேர்த்தேன்: 'காலை ஐந்து பத்து தவிர. அந்த நேரத்தில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொண்டு கூடவே விழலாம்.'

எழுதும்போது அந்தச் சொல்லைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.